சி.இ.ஓ சம்பளம் 752 மடங்கு... வாசலில் நிற்கும் காவலாளி அந்தக் கணக்கில் இருக்கிறாரா?

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதம் வந்தால் ஒரு செய்தி தவறாமல் நம் மொபைலுக்கு வந்துவிடும். "இந்த ஐடி நிறுவனத்தின் சி.இ.ஓ-வுக்கு இத்தனை கோடி சம்பளம், ஊழியரைப்போல் இத்தனை மடங்கு!" ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது பகிர்வார்கள். நாலு ஸ்மைலி, ரெண்டு பெருமூச்சு, "நமக்கு ஹைக் எப்போ?" என்று ஒரு கேள்வி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

2024-25 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் பெற்ற மொத்த ஊதியம் ரூ.80.62 கோடி. அந்த நிறுவன ஊழியரின் இடைநிலைச் சம்பளத்தைப்போல் இது சுமார் 752 மடங்கு. டிசிஎஸ் நிறுவனத்தின் கே.கிருத்திவாசன் பெற்றது ரூ.26.52 கோடி. அங்கே இது சுமார் 330 மடங்கு.

பெரிய எண்கள்தான். ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. எந்தப் பெரிய அலுவலகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஐடி கார்டைப் பார்த்து உள்ளே விடும் காவலாளி, தரையைத் துடைக்கும் அக்கா, கேன்டீனில் தட்டு கழுவும் பையன்... ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வரும் இவர்களில் ஒருவர்கூட இந்த 'மடங்கு' கணக்கில் வரமாட்டார்கள்.

மேலே இருப்பவரின் சம்பளத்தைச் சொல்கிற அதே பக்கத்தில், கீழே இருப்பவரின் கூலியையும் நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும். அதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இந்த 'மடங்கு' எங்கிருந்து வருகிறது?

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197ஆவது பிரிவுதான் இதற்கு மூலம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அதென்ன இடைநிலை? எல்லா ஊழியர்களையும் சம்பள வரிசைப்படி ஒரே வரிசையில் நிற்க வையுங்கள். சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலைச் சம்பளம். சராசரி என்றால் மேலே உள்ள சிலரின் கோடிகள் கணக்கைத் தூக்கிவிடும். இதில் அப்படி நடக்காது. அந்த வகையில் இது நல்ல அளவுகோல்.

சிக்கல், வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதில். நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே நிற்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் போடுபவர் ஒப்பந்ததாரர். எனவே காகிதப்படி அவர் இந்த நிறுவனத்தின் ஊழியரே கிடையாது. பத்து வருஷமாக அதே வாசலில் நின்றாலும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாதம் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.1.8 லட்சம். ரூ.80.62 கோடி என்பது இதைப்போல் சுமார் 4,480 மடங்கு. இது ஒரு உதாரணக் கூலிதான். குறிப்பிட்ட நிறுவனம் ஒன்று தருகிற கூலி என்று சொல்லவில்லை. ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை மாற்றினால் 752 எங்கே போய் நிற்கும் என்பது புரியும்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. குறைந்த சம்பளக்காரர்களை நேரடி வேலையிலிருந்து எடுத்து ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிட்டால், வரிசையில் கீழே இருப்பவர்கள் குறைவார்கள்; இடைநிலைச் சம்பளம் ஏறும்; 'மடங்கு' இறங்கும். யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காமலே நிறுவனம் முன்பைவிட நியாயமானதாகத் தெரியும்!

மேலே உச்சவரம்பே கிடையாதா?

இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பழைய கம்பெனிகள் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஒரு பொது நிறுவனம் தன் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும் தரும் மொத்த ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிர்வாக இயக்குநர் ஒருவர்தான் என்றால் அவருக்கு 5 சதவீதம்.

கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். ஆனால் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் 2024-25 லாபம் ரூ.26,000 கோடிக்கு மேல். அதில் 5 சதவீதம் ரூ.1,300 கோடி. சட்டப்படி லாபத்தைக் கணக்கிடும் முறை சற்று வேறு என்றாலும், 80 கோடி அந்த வரம்பின் பக்கத்தில்கூட இல்லை. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்த உச்சவரம்பு, ஆறடி மனிதனுக்கு அறுபதடி உயரத்தில் வைத்த நிலைப்படி. தலை இடிக்கவே இடிக்காது.

யாருக்கு இடிக்கும்? லாபம் குறைந்த, நஷ்டத்தில் ஓடும் நிறுவனங்களுக்கு. முன்பெல்லாம் அவர்கள் 11 சதவீதத்தைத் தாண்ட மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 செப்டம்பர் முதல் அரசின் அனுமதி தேவையில்லை. பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

இந்தத் திருத்தத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தனியார் நிறுவனத்தின் அதிகாரிக்கு என்ன சம்பளம் என்று டெல்லியில் ஒரு அதிகாரி உட்கார்ந்து முடிவு செய்வது நல்ல முறையல்ல. பணம் போட்ட பங்குதாரர்கள் முடிவு செய்யட்டும் என்பது சரிதான். ஆனால் மேலே தளர்த்திய அதே காலத்தில் கீழே என்ன நடந்தது?

கீழே நடந்தது என்ன?

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு மாநில அரசுகள் கூலியை நிர்ணயித்தன. தொழிலுக்கு ஒன்று, திறனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான விகிதங்கள். இது போக, எந்த மாநிலமும் இதற்குக் கீழே போக வேண்டாம் என்று மத்திய அரசு ஓர் அடிமட்டக் கூலியை அறிவித்து வந்தது. அதற்குச் சட்டபலம் இருக்கவில்லை, வெறும் ஆலோசனையாகத்தான் இருந்தது.

அந்த அடிமட்டக் கூலி 2017 ஜூனில் நாளுக்கு ரூ.160இலிருந்து ரூ.176 ஆனது. அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள், 2025 நவம்பரில் புதிய சட்டம் வரும்வரை, அந்த எண் அசையவே இல்லை. மாதம் 26 நாள் வேலை செய்தால் ரூ.4,576. 2017இல் உங்கள் தெருமுனைக் கடையில் டீ என்ன விலை, இப்போது என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கூலி இதைவிட அதிகம் என்பது உண்மை. 2025-26இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலியே ரூ.336. அப்படியென்றால் ஒரு நாட்டின் அடிமட்டக் கூலி, கிராமத்தில் வாய்க்கால் வெட்டுகிற வேலைக்கு அதே அரசு தரும் கூலியில் பாதிதான் என்று ஆகிறது. எந்தக் கணக்கில் இது சரி?

அரசுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அனூப் சத்பதி தலைமையில் அரசே அமைத்த நிபுணர் குழு 2019இல் அறிக்கை தந்தது. 2018 ஜூலை விலைவாசிப்படி நாடு முழுவதும் ஒரே கூலி என்றால் நாளுக்கு ரூ.375, மாதம் ரூ.9,750 என்றது. பகுதிவாரியாக என்றால் ரூ.342 முதல் ரூ.447 வரை. ரூ.375 என்பது 176இன் இருமடங்குக்கும் அதிகம். அறிக்கை அலமாரிக்குப் போனது.

அதற்கும் முன்பே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவையின் அடிப்படையில் கூலியைக் கணக்கிடுவது எப்படி என்று வரையறுத்தது. ஒரு குடும்பத்தின் உணவு, உடை, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, இதர செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கச் சொன்னது. பிறகு ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம், முதுமைக்கான சேமிப்பு ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் கணக்கில் வர வேண்டும் என்றது.

ஆக, கூலி என்பது வயிற்றுக்கு மட்டும் கொடுப்பதல்ல என்று சென்னைத் தொழிலாளர்கள் வாங்கிய தீர்ப்புக்கே முப்பது வயது தாண்டிவிட்டது.

புதிய சட்டம் எதை மாற்றுகிறது?

2019இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டம், மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோடு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் நல்லவை உண்டு.

• குறைந்தபட்சக் கூலி, பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்பது போய், எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும்.

• அடிமட்டக் கூலிக்கு முதல்முறையாகச் சட்டபலம். எந்த மாநிலமும் அதற்குக் கீழே நிர்ணயிக்க முடியாது. ஏற்கெனவே அதிகம் தரும் மாநிலம் அதைக் குறைக்கவும் முடியாது.

• குறைத்துக் கொடுத்தால் அபராதம் ரூ.50,000 வரை. ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் எவ்வளவு தெரியுமா? ரூ.500 வரை!

இடறும் இடங்களும் உண்டு. அடிமட்டக் கூலி எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதை மத்திய அரசின் கையில் விட்டுவிட்டது. 176ஐ எட்டு ஆண்டுகள் அசைக்காத அதே கை. உணவு டெலிவரி, டாக்சி ஆப் ஓட்டுநர்கள் 'ஊழியர்கள்' என்ற வரையறைக்குள் வராததால் அவர்களுக்கு இந்தக் கூலிப் பாதுகாப்பு இல்லை.

அபராதக் கணக்கையும் பாருங்கள். ஒரு ஒப்பந்ததாரர் 100 பேருக்கு மாதம் தலா ரூ.1,000 குறைத்துக் கொடுத்தால் ஆண்டுக்கு ரூ.12 லட்சம் மிச்சம்.  முதல்முறை பிடிபட்டால் ரூ.50,000 வரைதான் அபராதம். பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், குறைத்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் யார் முறையிடுவார்? காலையில் புகார் கொடுத்தால் மாலையில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இருப்பவரா?

அதனால்தான் தொழிலாளி வாய் திறக்கும்வரை காத்திருக்காமல், நிறுவனத்தையே வாய் திறக்க வைக்க வேண்டும் என்கிறோம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

சுவிட்சர்லாந்தில் 2013 நவம்பரில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஒரு நிறுவனத்தில் மிக அதிகச் சம்பளம், மிகக் குறைந்த சம்பளத்தைப்போல் 12 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்ற யோசனை. சுமார் 65 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், உயர் அதிகாரிகளின் சம்பளத்தில் பங்குதாரர்களின் வாக்கே இறுதி என்ற யோசனைக்கு சுமார் 68 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். கயிறு கட்டி இழுக்க வேண்டாம், கண்ணில் படும்படி வை என்று மக்கள் சொன்னதாகத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள். உயர் அதிகாரியின் சம்பளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போவதைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. ஆனால் 'செயல்பாட்டுக்கான ஊதியம்' என்றால் விலக்கு இருந்தது. என்ன ஆகும்? சம்பளம் பங்குகளாக மாறியது, இன்னும் ஏறியது. 2018 முதல் அங்கும் 'மடங்கு' வெளியிடுவது கட்டாயம். அங்கும் வெளி ஒப்பந்ததாரரின் ஆட்கள் கணக்கில் இல்லை. அங்கே மத்தியக் குறைந்தபட்சக் கூலியும் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. மேலே ஓடுவதும் கீழே நிற்பதும் நம் ஊர்க் கதை மட்டுமல்ல.

போர்ட்லாந்து என்ற அமெரிக்க நகரம் அந்த 'மடங்கை'யே வரியாக்கியது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் மடங்கு 100ஐத் தொட்டால் நகர வணிக வரியில் 10 சதவீதம் கூடுதல். 250ஐத் தொட்டால் 25 சதவீதம். பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி தராத நிறுவனங்களின் பெயர்களை அரசே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. பெயர் கெடுவதற்குப் பயப்படும் பெரிய பிராண்டுகளிடம் அபராதத்தைவிட இது வேலை செய்யும்.

"கூலியை ஏத்தினா வேலை போயிடுமே?"

நியாயமான கேள்வி. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியாவில் உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இரண்டு பக்கமும் உள்ள துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். கூலி உயர்ந்த பக்கத்தில் வேலை குறைந்ததற்கான தடயம் இல்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்காக எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. திருப்பூரில் பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரின் கவலையும் உண்மையானது. ஆர்டர் தரும் பெரிய கம்பெனி விலையை ஏற்றாமல், கூலியை மட்டும் அவர் ஏற்றினால் அவர் தாங்க மாட்டார். ஆகவே சுமை எங்கே விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. பல ஆயிரம் கோடி லாபம் பார்க்கும் நிறுவனம், தன் கட்டடத்தைத் துடைப்பவருக்குச் சட்டப்படியான கூலியைவிட ஓரளவு சேர்த்துக் கொடுத்தால் சாய்ந்துவிடாது.

குறைந்தபட்சக் கூலியைக்கூடத் தர முடியாத தொழிலுக்கு நீடித்திருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொல்லிவிட்டது. அந்தக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டம் தடைசெய்த கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வழக்கில் சொன்னது.

என்ன செய்ய வேண்டும்?

மூன்று விஷயங்கள் போதும். மூன்றுமே செய்யக்கூடியவை.

1. சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் வெளியிடும் பி.ஆர்.எஸ்.ஆர் அறிக்கையில், எத்தனை பேருக்குக் குறைந்தபட்சக் கூலி மட்டும், எத்தனை பேருக்கு அதைவிட அதிகம் என்ற அட்டவணை ஏற்கெனவே உண்டு. நிரந்தரமல்லாதவர்களுக்கும் அதில் தனி வரிசை இருக்கிறது. எவ்வளவு ரூபாய் என்பது மட்டும் இல்லை. செபி அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தரும் மிகக் குறைந்த மாதக் கூலி எவ்வளவு, சி.இ.ஓ ஊதியம் அதைப்போல் எத்தனை மடங்கு என்பது இடைநிலை மடங்கின் பக்கத்திலேயே வரட்டும்.

2. அடிமட்டக் கூலியைச் சத்பதி குழு சொன்ன முறையில், இன்றைய விலைவாசிக்குக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை விலைவாசியோடு அது தானாக ஏற வேண்டும். எட்டு ஆண்டுகள் தூங்க அனுமதிக்கக் கூடாது.

3. கூலியைக் குறைத்துக் கொடுத்தது நிரூபணமானால் ஒப்பந்ததாரர் பெயரோடு, யாருக்காக அவர் ஆள் அனுப்பினாரோ அந்த நிறுவனத்தின் பெயரையும் அரசு வெளியிட வேண்டும்.

சரி, இதுல எனக்கு என்ன?

நிறையவே இருக்கிறது. உங்களுக்கு மியூச்சுவல் ஃபண்டில் ஒரு எஸ்ஐபி இருந்தால் மறைமுகமாக நீங்களும் பங்குதாரர். 2022 ஏப்ரல் முதல் ஃபண்டு நிறுவனங்கள் தாங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களித்தே ஆக வேண்டும். எப்படி வாக்களித்தோம் என்று தங்கள் இணையதளத்தில் சொல்லவும் வேண்டும். உங்கள் பணம் எந்தச் சம்பளத்துக்குக் கை தூக்கியது என்று நீங்களே பார்க்கலாம்.

அந்த வாக்குக்குப் பலம் உண்டு. ராயல் என்ஃபீல்டு பைக்குகளைச் சென்னை வட்டாரத்தில் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸில், 2021 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனம், சம்பளம் தொடர்பான சிறப்புத் தீர்மானம் தோற்றுப்போனது. 75 சதவீத ஆதரவு வேண்டும். 73 சதவீத அளவுக்கே கிடைத்தது. சம்பள வரம்பைக் குறைத்துப் புதிய தீர்மானம் கொண்டுவந்த பிறகே ஒப்புதல் கிடைத்தது. எண்கள் வெளியே தெரிந்தன. அதனால் கேள்வி கேட்க முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் எண் வெளியே தெரியாததால் அவருக்காகக் கேட்க யாருக்கும் வாய்ப்பே இல்லை.

இன்னொன்று. ஐடி துறையில் புதிதாகச் சேருபவருக்குப் பத்து வருஷத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சத்தைச் சுற்றியே சம்பளம் நிற்கிறது என்று புலம்புகிறோம். அதுவும் இதே கதையின் அடுத்த படிதான். கீழ்ப்படி தாழ்ந்தே கிடந்தால் அதற்கு அடுத்த படியை உயர்த்த எந்த நிர்வாகத்துக்கும் அவசரம் இருக்காது.

திறமைக்கு அதிகச் சம்பளம் கொடுப்பது தவறில்லை. லட்சக்கணக்கான ஊழியர்கள் உள்ள நிறுவனத்தை நடத்துபவர் கோடிகளில் வாங்கட்டும். அதற்கு ஆண்டறிக்கையில் பல பக்கங்கள் ஒதுக்கி, எவ்வளவு சம்பளம், எவ்வளவு பங்கு, ஏன் கொடுத்தோம் என்றெல்லாம் விளக்குகிறார்கள். வாசலில் நிற்பவருக்கு அதே அறிக்கையில் ஒரு வரி கேட்கிறோம். அடுத்த மே மாதம் 'மடங்கு' செய்தி உங்கள் குரூப்புக்கு வரும்போது, "இதுல செக்யூரிட்டி அண்ணன் இருக்காரா?" என்று ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள்.